ராமானுஜனின் கேம்பிரிட்ஜ் அப்ளிகேஷன்: ரெண்டு பேர் கண்டுக்கல, மூணாவது ஆள் பதில் போட்டார்!

சங்கரன்கோவில்ல உட்கார்ந்துக்கிட்டு இங்கிலாந்து யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்றவரா நீங்க? அப்போ உங்க போன்ல என்னென்ன ஃபைல் இருக்கும்னு ஓரளவு ஊகிச்சுடலாம். மார்க் ஷீட் ஸ்கேன், திருநெல்வேலி சேவா கேந்திராவுக்கு அலைஞ்சு வாங்கின பாஸ்போர்ட், பத்துத் தடவை திருத்தின எஸ்.ஓ.பி, புரொஃபசர்கிட்ட கெஞ்சி வாங்கின ரெண்டு சிபாரிசுக் கடிதம், அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட். விசா வேலைக்காகச் சென்னைக்குப் போகணும்னா சாயங்காலம் பொதிகையைப் பிடிச்சு விடியக்காலையில இறங்கணும். எல்லாம் முடிஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒரு பயம் ஓடிக்கிட்டே இருக்கும். காலேஜ்ல வெச்ச அந்த ரெண்டு அரியர் காலை வாரிடுமோ?

அப்படின்னா இந்த ஃபைலைக் கொஞ்சம் பாருங்க.

வயது 25. கல்லூரியில் சேர்ந்தது ரெண்டு தடவை. முடித்தது ஒரு தடவைகூட இல்லை. இன்றைய ப்ளஸ் டூ மாதிரியான எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில், திரும்ப எழுதியும் ஃபெயில். வேலை, சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க். சம்பளம் மாதம் 30 ரூபாய். கல்யாணம் ஆகிவிட்டது. சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கடல் தாண்டினால் ஊரில் தள்ளி வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிற குடும்பம்.

இதை இன்னிக்கு எந்த கன்சல்டன்சி டேபிள்ல வெச்சாலும், டீ கொடுத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பின்னு அனுப்பி வெச்சிருவாங்க. ஆனா இந்த ஃபைலுக்குச் சொந்தக்காரர் கேம்பிரிட்ஜ் போனார். பேர், சீனிவாச ராமானுஜன். டாக்ஸி நம்பர் 1729 கதையை நீங்க ஆயிரம் தடவை ஃபார்வர்டுல படிச்சிருப்பீங்க, அதை விட்டுடலாம். அவர் எப்படிப் போனார், யார் யார் கையெழுத்துப் போட்டாங்க, காசு எங்கே இருந்து வந்துச்சு, போன பிறகு என்ன ஆச்சு... இதைத்தான் இங்கே பார்க்கப்போறோம்.

மார்க் ஷீட்டில் இல்லாத ஆள்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். பள்ளியில் பரிசு மேல் பரிசு வாங்கிய பையனின் கையில், 1903-ல் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்பவர் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 கணித முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக. இன்றைய கணக்கில் சொன்னால் அது ஒரு கைடு, அவ்வளவுதான். அந்தக் கைடுதான் அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. தேர்வில் தோற்றார், உதவித்தொகை போனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். அப்புறம் 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. நூற்றுக்குப் பத்துகூடத் தேறவில்லை. இப்படி, கணக்கில் அவரிடம் பதில் இல்லாத கேள்வி அபூர்வம் என்ற நிலையில், கையில் டிகிரி இல்லாமல் இருபது வயதைத் தொட்டார். நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்துகொண்டே போயின. அவற்றிலும் அந்தக் கைடு போலவே முடிவுகள் இருந்தன, நிரூபணங்கள் இல்லை.

அடுத்த சில வருடங்களைக் கவனமாகப் பாருங்க. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டர் வி.ராமஸ்வாமி ஐயரிடம் தாலுகா ஆபீஸில் ஏதாவது கிளார்க் வேலை கேட்டார். அந்த டெபுடி கலெக்டர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேலை தர மறுத்தார். இந்தத் தலையைத் தாலுகா ஆபீஸில் உட்காரவைத்தால் அது பாவம் என்று நினைத்தார். பதிலாகச் சென்னையில் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தச் சங்கிலியில்தான் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ் கிடைத்தார். மாதம் 25 ரூபாய் தன் பையிலிருந்து கொடுத்தார். சும்மா வாங்கிச் சாப்பிட மனம் ஒப்பாமல் ராமானுஜன் வேலை தேட, 1912 மார்ச்சில் துறைமுக வேலை வந்தது. அந்த விண்ணப்பத்தோடு பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் இருந்தது.

துறைமுகத்தில் அவருடைய மேலதிகாரி எஸ்.நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். ராத்திரி ரெண்டு பேரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காதுக்கு இந்தப் பையனின் விஷயத்தைக் கொண்டுபோனதும் அவர்தான். என்னைக் கேட்டா, சினிமாவுல எல்லாம் ஹார்டிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறாங்களோ, அதுல பாதியாவது இந்த நாராயண ஐயருக்குக் கொடுக்கணும்.

அப்ளையே பண்ணாத அப்ளிகேஷன்

ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் சீட் கேட்கவே இல்லை. இது நிறைய பேருக்குத் தெரியாது.

முதலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரெண்டு பெரிய கணித மேதைகளுக்கு எழுதினார். எச்.எஃப்.பேக்கர், இ.டபிள்யூ.ஹாப்சன். ரெண்டு பேரிடமிருந்தும் எந்த உதவியும் வரவில்லை. லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில் மட்டும், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வழியாக வந்த தாள்களைப் பார்த்துவிட்டு, திறமை இருக்கிறது, முறையான படிப்பு இல்லை, இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்கிற ரீதியில் அக்கறையாகப் பதில் அனுப்பினார். மாணவனாக ஏற்றுக்கொள்ளவில்லை.

1913 ஜனவரி 16 அன்று, டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச்.ஹார்டிக்கு ஒரு கடிதம் போனது. அதன் முதல் பக்கத்தை நீங்க எழுதுற எஸ்.ஓ.பி-யோட ஒப்பிட்டுப் பாருங்க. சின்ன வயசிலேயே எனக்கு ஆர்வம் என்று ஆரம்பிக்கவில்லை. துறைமுகத்தில் கிளார்க், வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, கிடைத்த நேரத்தில் கணக்குப் போடுகிறேன்... தன் பலவீனங்களை எல்லாம் முதலிலேயே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். (வயதை மட்டும் ரெண்டு வருடம் குறைத்து, ஏறக்குறைய 23 என்று எழுதியிருந்தார்.) அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். இவற்றில் மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் பிரசுரிக்க உதவுங்கள், நான் ஏழை. கேட்டது இவ்வளவுதான்.

ஹார்டி முதலில் இது யாரோ செய்யும் மோசடி என்றே சந்தேகப்பட்டார். ராத்திரி நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை அலசினார். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் சில சூத்திரங்கள், இருவரும் வாழ்க்கையில் அதுவரை பார்த்தே இராதவை. தூங்கப்போகும் முன் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: எழுதியவர் அசல்.

பிப்ரவரி 8-ல் ஹார்டி பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். அதற்கு ராமானுஜன் எழுதிய மறுகடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிரூபணத்தைப் பெரிதாக அனுப்பவில்லை. வயிறு காய்கிறது, மூளை வேலை செய்ய முதலில் சாப்பாடு வேண்டும், உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால் இங்கே எனக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று நேராகக் கேட்டார். அதாவது, கேம்பிரிட்ஜ் புரொஃபசர்கிட்டயே எல்.ஓ.ஆர் கேட்டிருக்கார், அதுவும் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில காட்டுறதுக்கு!

அது வேலையும் செய்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், தானும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை பெற எம்.ஏ. வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைதானே என்று வாதாடி அந்த விதியைத் தாண்டினார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். டிகிரி இல்லாத ஆளுக்கு!

வேண்டாம்னு சொன்னது கேம்பிரிட்ஜ் இல்லை

இதற்கு நடுவே இன்னொரு விஷயம் நடந்தது. ராமானுஜனுக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே ஹார்டி லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸைத் தொடர்புகொண்டுவிட்டார். இந்திய மாணவர்களுக்கென்று அங்கே ஒரு தனிப் பிரிவு 1909 முதல் இயங்கியது. லண்டன் இந்திய மாணவர்கள் மத்தியில் புரட்சிப் பேச்சு சூடாக இருந்த காலம் அது. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், அதாங்க வ.வே.சு.ஐயர், பாரிஸ்டர் படிக்கப் போன இடத்தில் இந்தியா ஹவுஸ் பக்கம் திரும்பியதும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே அந்தப் பிரிவின் வேலையில் உதவி பாதி, கண்காணிப்பு பாதி. இன்றைய விசா ஆபீசரின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து சென்னைக்குத் தகவல் வந்தது. இங்கே இருந்த மாணவர் ஆலோசனைக் குழுச் செயலாளர் ஆர்தர் டேவிஸ், ராமானுஜனைக் கூப்பிட்டு, இங்கிலாந்து போக விருப்பமா என்று கேட்டார். பதில்: இல்லை.

ஹார்டிக்கு இது புரியவே இல்லை. உங்களுக்குப் புரியும். வைதிக வைணவக் குடும்பம், கடல் கடந்தால் தீட்டு, திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் வீட்டுப் படி ஏற விடமாட்டார்கள், கல்யாணம், கருமாதிக்குக் கூப்பிடமாட்டார்கள். அம்மாவின் பேச்சைத் தாண்டி எதுவும் செய்யாத மகன் வேறு.

மறுபடி முயற்சி நடந்தது 1914 ஜனவரியில். கேம்பிரிட்ஜிலிருந்து இ.எச்.நெவில் என்ற இளம் கணித அறிஞர், சென்னையில் சொற்பொழிவாற்ற வந்தார். ஹார்டி அவரிடம் ஒரு வேலையையும் கொடுத்து அனுப்பியிருந்தார். நெவில் பக்குவமான ஆள். சில நாள் பழகினார், நோட்டுகளைப் பார்த்தார், நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகுதான் பேச்சை எடுத்தார். ஆச்சரியம், இந்த முறை ராமானுஜன் தயாராக இருந்தார். அம்மாவின் கனவில் நாமக்கல் நாமகிரித் தாயார் வந்து, மகனைத் தடுக்காதே என்று உத்தரவிட்டதாக ஒரு கதை. நாமக்கல் கோயிலில் மூன்று ராத்திரி படுத்திருந்து ராமானுஜனே உத்தரவு பெற்றார் என்று இன்னொரு கதை. எது எப்படியோ, குலதெய்வத்தின் பெயரில் ஒரு அனுமதி கிடைத்தது. அந்த வீட்டில் செல்லுபடியாகக்கூடிய ஒரே என்.ஓ.சி அதுதான்.

மீதி இருந்த பயங்களைப் பாருங்க: செலவுக்குப் பணம்? இங்கிலீஷ் சரளமா வராதே? மறுபடி பரீட்சை எழுதச் சொல்வாங்களா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? 110 வருஷம் ஆச்சு, உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஓடுற கேள்விகளும் இதே நாலுதான். பணத்துக்கு நாங்கள் பொறுப்பு, இங்கிலீஷ் போதும், பரீட்சை கிடையாது, சாப்பாட்டு நியமத்தை மதிப்போம் என்று நெவில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

பணத்தை அவர்கள் திரட்டிய வேகம் அசத்தலானது. ஜனவரி 28-ல் நெவில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அலுவலகம் வரை போகிறார். சில வாரங்களில் வருடத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை, தனியாகக் கப்பல் கட்டணமும் துணிமணிச் செலவும் உறுதியாகின்றன. ஒரு பவுண்டு அப்போது 15 ரூபாய். அப்படியானால் வருடத்துக்கு 3,750 ரூபாய். துறைமுகச் சம்பளத்தைப்போல பத்து மடங்குக்கும் மேலே. அதில் 50 பவுண்டை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டார். அங்கே போனதும் டிரினிட்டி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. எஜுகேஷன் லோன் இல்லை, அடமானம் இல்லை. இந்த ஒரு இடத்துல அவர்மேல நமக்குப் பொறாமை வந்தா தப்பில்லை.

பாஸ்போர்ட், விசா? அந்தத் தொல்லையும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் பிரஜை, பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனார். பாஸ்போர்ட் கெடுபிடி எல்லாம் அந்த வருடம் தொடங்கிய உலகப்போருக்குப் பிறகு வந்தது. இன்று நீங்க போறதா இருந்தா, படிப்புச் செலவுக்கான பணம் கணக்குல 28 நாள் தொடர்ந்து இருக்கணும், காசநோய் இல்லைன்னு சான்று வாங்கணும். அந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

புறப்படும் முன் குடுமி வெட்டப்பட்டது. கோட்டு, டை, ஷூ. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17, எஸ்.எஸ்.நெவாசா கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஏப்ரல் 14-ல் லண்டன். வரவேற்க நெவில் காரோடு நின்றார்.

போர்வைக்கு உள்ளே எப்படிப் படுக்கிறது?

ஷூ கடித்தது. குளிர் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி.மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையானவர், ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனார். ராத்திரி எல்லாம் குளிருகிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி அழகாக விரித்தபடியே இருக்கின்றன. அவற்றை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை. அவர் அந்த விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்.

சிரிப்பு வருதுல்ல? கொஞ்சம் யோசிச்சா தொண்டை அடைக்கும். உலகத்திலேயே பெரிய கணித அறிஞர்கள் தினமும் அவரோடு பேசினார்கள். போர்வையைப் பற்றிப் பேச ஒருத்தர் வர நாளானது.

கணக்கு மட்டும் பறந்தது. ஹார்டியும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் வரிசையாக வெளியாயின. 1916 மார்ச்சில், பரீட்சை எழுதாமலே ஆராய்ச்சிக்காக அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ-வில் ரெண்டு முறை தோற்றவருக்கு முதல் டிகிரி!

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, உங்க ஊர்ப் பக்கத்துக் கதை என்பதால். அப்போது கிங்ஸ் கல்லூரியில் கே.ஆனந்த ராவ் என்ற சென்னை மாணவரும் இருந்தார். ஹார்டியிடம் கற்றவர், ராமானுஜனோடு பழகியவர். ஊர் திரும்பிப் பேராசிரியர் ஆனார். 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த இளைஞர் பெயர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. அம்மா பேர் கோமதி. சங்கரநாராயணரும் கோமதி அம்மனும் இருக்கிற ஊர்க்காரங்க உங்களுக்கு, இந்தப் பேர்களைக் கேட்டாலே எந்தச் சீமைன்னு தெரிஞ்சிருக்கும். குற்றாலம் பக்கத்து வல்லம், இன்றைய தென்காசி மாவட்டம். குழந்தையிலேயே அம்மாவையும், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அப்பாவையும் இழந்து, உதவித்தொகையில் படித்து மேலே வந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே, வாரிங் கணக்கு என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒன்றில் பெரும்பகுதியைத் தீர்த்தார். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம், அதற்கு மேல் தேவைப்படாது என்று நிறுவியது அவர்தான். சிதம்பரத்தில் இருந்தபடியே செய்த வேலை. 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருடம் இருக்க அழைப்பு வந்தது. கூடவே ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று, அவர் ஏறிய டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் விழுந்து நொறுங்கியது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மாநாடு அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. 1729-ஐ நினைவில் வைத்திருக்கிற நாம் அந்த 73-ஐயும் ஒரு ஓரத்தில் வைத்திருக்கலாம்.

சரி, கேம்பிரிட்ஜுக்குத் திரும்புவோம்.

யாரும் கேட்காத கேள்வி

போர் தொடங்கியதும் கல்லூரி காலியானது. லிட்டில்வுட் ராணுவ வேலைக்குப் போய்விட்டார். காய்கறியும் பாலும் தட்டுப்பாடு. மற்றவர்களோடு டைனிங் ஹாலில் சாப்பிட மாட்டார் ராமானுஜன். அறையில் தானே சமைப்பார், வேலை மும்முரத்தில் சமைக்க மறப்பார். ஒருமுறை நண்பர்களைக் கூப்பிட்டு ரசம் வைத்துப் பரிமாறினார். ரெண்டு தடவை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது தடவை போதும் என்றதும், ஆள் அறையை விட்டே போய்விட்டார். தேடினால் காணோம். சில நாள் கழித்துப் பார்த்தால், ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலேறிப் போயிருந்தார். தன் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து மனது உடைந்துவிட்டது. அந்த ரசம் எத்தனை மாதத் தனிமைக்குப் பிறகு வைத்த ரசம் என்று யோசித்தால் அந்தக் கோபம் புரியும்.

ஊரிலிருந்து கடிதமும் நின்றுபோனது மாதிரி ஆனது. மாமியார் மருமகள் பிரச்னையில், தான் எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளில் சொன்னார். வீடியோ கால் இல்லாத காலத்தில், பொண்டாட்டி ஏன் எழுதவில்லை என்று அவர் அங்கே யோசித்துக்கொண்டிருந்தார்.

1917-ல் படுத்தார். காசநோய் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்று. திறந்த ஜன்னல், குளிர், பிடிக்காத சாப்பாடு. அது காசநோய் இல்லை, குடலில் பழைய சீதபேதியிலிருந்து வந்த கல்லீரல் நோய், அன்றைக்கே குணப்படுத்தியிருக்க முடியும் என்று 1994-ல் டி.ஏ.பி.யங் என்பவர் ஆவணங்களை ஆராய்ந்து எழுதினார்.

1918 தொடக்கத்தில், லண்டனில், ராமானுஜன் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். போலீஸிடமிருந்து அவரை மீட்க ஹார்டி போக வேண்டியிருந்தது.

ஹார்டியை வில்லனாக்க வேண்டாம். அவர் இல்லையென்றால் ராமானுஜன் இல்லை. ஆனால் ஹார்டி தனிப்பட்ட விஷயங்களைப் பேசுகிற ஆள் இல்லை. தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வருகிறவரிடம் சாப்பிட்டியா, வீட்டில் எப்படி இருக்காங்க என்று கேட்கத் தோன்றவில்லை. சீட், ஸ்காலர்ஷிப், டிக்கெட், கோட்டு வரை எத்தனை பேர் யோசித்தார்கள் பாருங்க; போய் இறங்கின பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் ஃபைலில் எழுதவில்லை. நீங்க யுனிவர்சிட்டி செலக்ட் பண்ணும்போது ராங்கிங், ஃபீஸ் எல்லாம் பார்ப்பீங்க. அங்கே மாணவர்களுக்கான கவுன்சலிங் சென்டர் நம்பரையும், நடுராத்திரி கதவைத் தட்டக்கூடிய ஒரு சீனியரோட நம்பரையும் அதே லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க. போறதுக்கு முன்னாடியே மனசு கனமா இருந்தா, இங்கேயே 14416-க்கு இலவசமா பேசலாம், தமிழ்லயே.

அந்த வருடமே கௌரவங்களும் வந்தன. 1918 மே மாதம் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ, அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். கொஞ்சம் உடம்பு தேறியது. ஊருக்கு அனுப்பலாம் என்று முடிவானது. சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது.

அதற்கு நன்றி சொல்லி 1919 ஜனவரி 11-ல் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு பணம் எனக்குத் தேவைப்படாது என்றார். அப்பா அம்மாவுக்கு 50 பவுண்டு, தன் அவசியச் செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் படிப்புக்குப் பயன்படுத்தச் சொன்னார். ஸ்கூல் ஃபீஸ் கட்டவும் புத்தகம் வாங்கவும். நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு எழுதியது அது.

1919 மார்ச்சில் பம்பாயில் கப்பல் இறங்கினார். எலும்பும் தோலுமாக. கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஜானகி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவர்கள் கணவன் மனைவியாக உண்மையில் சேர்ந்து வாழ்ந்தது அந்த ஒரு வருடம்தான். வலி தாங்காத நேரத்திலும் சிலேட்டைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வருடத்தில் எழுதிய அந்தத் தாள்கள் டிரினிட்டி நூலகத்துக்குப் போய் மறக்கப்பட்டு, 1976-ல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். முதல் கடிதம் போய் ஏழு வருடம் ஆக நாலு நாள் பாக்கி. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேராகப் புதிதாகக் கண்டுபிடித்த போலி தீட்டா சார்புகளுக்குப் போய்விட்டார். உடம்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடல் கடந்தவர் என்பதால் சொந்தக்காரர்கள் பலர் காரியத்துக்கு வரவில்லை. அதற்கான ஏற்பாடுகளைக் கவனித்தது ராமச்சந்திர ராவ்.